எடிட்டருக்கு என்ன தெரியும்? கம்பைலரைப் படிக்க உட்கார்ந்தவர்களின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல ஒண்ணு புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டைல இருந்து. எழுதினவர் காலேஜ் இரண்டாம் வருஷம். கையில இருக்கிறது அவரோட அக்காவுக்கு ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப், ராம் 4 ஜிபி. அவர் எழுதினது இதுதான்: "ஜிசிசி கம்பைலரோட சோர்ஸ் கோடை இறக்கி விஎஸ் கோட்ல திறந்தேன். எங்க பார்த்தாலும் சிவப்புக் கோடு. ஒரு ஃபங்ஷன் மேல கிளிக் பண்ணா எங்கேயும் போகல. அஞ்சு நிமிஷத்துல லேப்டாப் அப்படியே நின்னுடுச்சு. எந்த செட்டிங்கை மாத்தணும்?"

பதில் சொல்றேன். ஆனா அந்த சிவப்புக் கோட்டுக்குப் பின்னாடி ஐம்பது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம செட்டிங்கை மட்டும் சொன்னா, அடுத்த தடவை வேற இடத்துல மாட்டிக்குவீங்க.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி. நாம எழுதுற நிரலை மெஷினுக்குப் புரியுற கட்டளைகளா மாத்துறது கம்பைலர். அந்தக் கம்பைலரும் யாரோ எழுதின நிரல்தான், லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். அதைத் திறந்து படிக்கவும் திருத்தவும் எடிட்டர் வேணும். இன்னைக்கு நாம பயன்படுத்துற பெரிய எடிட்டர்கள்ல ஒண்ணு, ஒரு கம்பைலரைத் திருத்த உட்கார்ந்த இரண்டு மாணவர்களோட எரிச்சல்ல பிறந்தது.

வருஷம் 1975. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், ஒரு வருஷம் பாடம் எடுக்க கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். கூடவே ஒரு பாஸ்கல் மொழி அமைப்பையும் அரைகுறையாக எழுதி அங்கே வைத்திருந்தார். அந்த வருஷம்தான் பில் ஜாய், சக் ஹேலி என்ற இரண்டு மாணவர்கள் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தார்கள். தாம்ப்சன் விட்ட இடத்திலிருந்து பாஸ்கலை எடுத்துச் செம்மைப்படுத்த ஆரம்பித்தார்கள்.

கையில் இருந்த எடிட்டரின் பெயர் 'எட்'. டெலிபிரிண்டர் காலத்து எடிட்டர். நீங்க கேட்டா ஒழிய, கோப்பின் ஒரு வரியைக்கூடக் காட்டாது. தப்பாக எதையாவது அடித்தால் அது தரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தப்பு, எங்கே தப்பு, எதுவும் சொல்லாது. ஒரு கம்பைலரின் பார்சர் பகுதியை, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக முப்பது ஃபங்ஷன் கூப்பிட்டுக்கொள்ளும் இடத்தை, இப்படி வரிவரியாகக் கேட்டு வாங்கிப் படிப்பதை நினைச்சுப் பாருங்க. கிணத்துல விழுந்த சாவியை மேலே நின்னு துழாவுற மாதிரி.

லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூலூரிஸ் தான் எழுதிய 'எம்' என்ற எடிட்டரை அங்கே கொண்டுவந்து காட்டினார். 'எட்' அமரர்களுக்கான எடிட்டர், இது சாமானிய மனுஷங்களுக்கான எடிட்டர் என்பது அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கிண்டல். ஜாயும் ஹேலியும் அதை அடிப்படையாக வைத்து 'எக்ஸ்' என்ற எடிட்டரை எழுதினார்கள். பிறகு ஜாய் அதற்கு முழுத்திரை வடிவம் கொடுத்தார். அதுதான் 'விஐ'. பெர்க்லி வெளியிட்ட முதல் மென்பொருள் தொகுப்பில் பாஸ்கலும் எக்ஸும் ஒரே டேப்பில்தான் போயின.

விஐ ஏன் இவ்வளவு வினோதமா இருக்குன்னு கேட்காத மாணவரே இல்ல. வெளியே வரத் தெரியாம லேப்ல சிஸ்டத்தையே ஆஃப் பண்ணவங்க நிறைய பேர். காரணம் ரொம்ப எளிது. ஜாய் வீட்டிலிருந்து 300 பாட் மோடமில் வேலை செய்தார். வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து வரும். 80-க்கு 24 திரை என்றால் 1,920 எழுத்து. ஒரு திரையை முழுசாக மறுபடி வரைய ஒரு நிமிஷத்துக்கும் மேல். அதனாலதான் பல கட்டளைகள் ஒரே எழுத்து. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலின் கீபோர்டில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் பட்டன்கள் மேலேயே அச்சடிக்கப்பட்டிருந்தன. இன்றைய கீபோர்டில் டேப் பட்டன் இருக்கும் இடத்தில் எஸ்கேப். இன்றைக்கும் விம் பழகுகிறவர்கள் விரலை நீட்டி நீட்டி எஸ்கேப்பைத் தேடுவது, யாரிடமும் இல்லாத ஒரு கீபோர்டுக்காக.

பெர்க்லியில் இன்னொரு சின்ன கருவியும் வந்தது. கென் அர்னால்ட் எழுதிய 'சிடேக்ஸ்'. ஊர் நூலகத்து அட்டைப் பெட்டி மாதிரி. எந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒரு கோப்பில் வைத்துவிடும். எடிட்டர் அதைப் பார்த்து ஒரே தாவலில் போய் நிற்கும். சிடேக்ஸுக்கு மொழி முழுசாகத் தெரியாது. மேலோட்டமாகப் பார்த்து 'இது ஃபங்ஷன் மாதிரி இருக்கு' என்று எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கம்பைலருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றில் ஒரு துளி, எடிட்டர் பக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் துளியை அதிகமாக்கும் முயற்சிதான்.

கிழக்குக் கரையில் வேறு கதை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். முழுக்க சுதந்திரமான ஒரு இயங்குதளம் வேண்டும், அதற்குக் கம்பைலர் வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் 'ஃப்ரீ யுனிவர்சிட்டி' என்ற பல்கலைக்கழகத்தில் ஒரு கம்பைலர் தொகுப்பு இருப்பதைக் கேள்விப்பட்டு, பயன்படுத்தலாமா என்று எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம்தான் ஃப்ரீ, கம்பைலர் இல்லை என்று கிண்டலாகப் பதில் வந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார்.

அடுத்து லிவர்மோர் ஆய்வகத்தின் 'பாஸ்டெல்' கம்பைலரை எடுத்துத் திருத்தினார். அது ஒரு கோப்பை முழுசாக மரமாக்கி, மரத்தை முழுசாகக் கட்டளைகளாக்கி, நடுவில் எந்த நினைவகத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டே போகும். பல மெகாபைட் ஸ்டாக் கேட்டது. அன்றைய 68000 யுனிக்ஸ் கொடுத்தது 64 கேபி. இதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி என்று முடிவெடுத்தார். ஆனால் அதற்கு முன்னால் 1984 செப்டம்பரில் உட்கார்ந்து எழுதியது எடிட்டரை, அதாவது குனு ஈமேக்ஸை. ஜிசிசி வெளிவந்தது 1987-ல். தறி கட்டிவிட்டுத்தான் நெய்ய உட்கார்ந்தார்.

இந்த வரிசையின் தடம் இன்றைக்கும் ஜிசிசி சோர்ஸில் இருக்கு. உள்ளே தள்ளுதல் இரண்டு இடம். எட்டு இடம் சேர்ந்தால் அது ஒரு டேப் ஆகிவிடும். ஈமேக்ஸின் பழக்கம் கம்பைலரின் விதியானது. உங்கள் எடிட்டரில் டேப் அகலம் 4 என்று வைத்திருந்தால் ஜிசிசி கோடு கோணல்மாணலாகத்தான் தெரியும். இப்போது ஜிசிசி தன் சோர்ஸோடு ஈமேக்ஸுக்கு ஒரு அமைப்புக் கோப்பையும், விம்முக்கு ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறது.

நம்ம ஊர்ல யாருக்கும் இதெல்லாம் இப்படி வந்து சேரல. நமக்கு வந்தது நீலத்திரை. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் படிச்ச ஒரு முழுத் தலைமுறைக்கும் டர்போ சி-தான் கம்பைலர். கண்ட்ரோலும் எஃப்9-ம் அழுத்தினா ஓடும். எது எடிட்டர், எது கம்பைலர்னு பிரிச்சுப் பார்க்கவே தோணாது, ரெண்டும் ஒரே நீலத்துக்குள்ள இருந்தது. இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது 1983-ல் வந்த டர்போ பாஸ்கல். கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பர்க். எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்து 40 கேபிக்குள், விலை 49.95 டாலர். தப்பு இருந்தால் கர்சர் நேராகத் தப்பு இருக்கும் இடத்தில் போய் நிற்கும். 'எட்' தந்த கேள்விக்குறியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

2018-ல் புதுப்பித்த நம்ம பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்துல சி++ எழுத டெவ்-சி++ சொல்லியிருக்காங்க இல்லையா? அந்த எடிட்டர் எழுதப்பட்டது டெல்ஃபியில. டெல்ஃபி, டர்போ பாஸ்கலின் நேர் வாரிசு. அதன் உள்ளே உட்கார்ந்து கம்பைல் செய்வதோ ஜிசிசி. ஆக வல்லத்திராக்கோட்டைல பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை முதல் புரோகிராமை ஓட்டும்போதே, இந்த இரண்டு பரம்பரையும் அவர் திரையில சேர்ந்துதான் இருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்ல, அவ்வளவுதான்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில முக்கியமான இடம் இதுதான்.

எடிட்டருக்கு உண்மையிலேயே கோடு புரியணும்னா, அதைப் புரிந்துகொள்ளும் வேலையை ஏற்கெனவே செய்திருக்கிற கம்பைலரைக் கேட்பதுதான் வழி. இந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது, இதன் வகை என்ன, இந்தப் புள்ளிக்குப் பிறகு என்ன வரலாம், எல்லாம் கம்பைலர் கட்டும் மரத்தில் இருக்கிறது. ஈமேக்ஸ் ஆட்கள் சிலர் 2014, 2015 வாக்கில் இதைத்தான் கேட்டார்கள். ஜிசிசி அந்த மரத்தை வெளியே கொடுத்தால், நாங்கள் ஈமேக்ஸில் சரியான பரிந்துரைகள் காட்டுவோம் என்றார்கள். ஸ்டால்மன் தயங்கினார், தடுத்தார். மரத்தை முழுசாக வெளியே கொட்டினால், அதை எடுத்து யாராவது சுதந்திரமில்லாத மென்பொருளைப் பின்னால் ஒட்டவைத்து விற்பார்கள் என்பது அவர் பயம்.

அவர் பயம் வெறும் கற்பனை இல்லை. கம்பைலரைத் துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்த முடியாமல் வைத்திருந்ததால்தான், ஜிசிசியோடு சேர்த்து வேலை செய்தவர்கள் தங்கள் கோடையும் திறந்துவிட வேண்டி வந்தது. ஆனால் அதற்கான விலையைக் கட்டினது யார்? ஜிசிசி சோர்ஸைத் திறந்து புரிந்துகொள்ள முயன்ற ஒவ்வொரு மாணவரும். அவர் நோக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இந்த இடத்தில் அவர் கணக்கு தப்பு என்றே நினைக்கிறேன். ஏன்னா அதுக்குள்ள வேற ஒருத்தர் கதவைத் திறந்துட்டாங்க.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் 2000-ல் ஆரம்பித்த எல்எல்விஎம், ஆரம்பத்திலிருந்தே தனித்தனி நூலகங்களாக அமைக்கப்பட்டது. 2007-ல் திறந்த மூலமாக வந்த அதன் கிளாங், எடிட்டர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. பிறகு 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து 'லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொதுவழியை அறிவித்தன. எடிட்டர் தனி, மொழியை அறிந்த சர்வர் தனி, நடுவில் ஒரு பேச்சுவழக்கு. இந்த யோசனை விஎஸ் கோடில் டைப்ஸ்கிரிப்டுக்காகச் செய்த வேலையோடு சேர்ந்து வளர்ந்தது. டைப்ஸ்கிரிப்டை வடிவமைத்தவர் யார் தெரியுமா? அதே ஹெல்ஸ்பர்க். 1983-ல் ஒரே பெட்டிக்குள் வைத்ததை, முப்பது வருஷம் கழித்து நடுவில் ஒரு கயிறு கட்டிப் பிரித்து வைத்த மாதிரி.

சி, சி++ பக்கம் அந்த சர்வரின் பெயர் கிளாங்டி. 2023-ல் வந்த ஈமேக்ஸ் 29 இந்த சர்வர்களோடு பேசும் 'எக்லாட்'டை உள்ளேயே வைத்துக்கொண்டது. இன்றைக்கு ஒருவர் ஈமேக்ஸில் ஜிசிசி சோர்ஸைத் திறந்தால், அதைப் புரிந்துகொண்டு வழிகாட்டுவது பெரும்பாலும் போட்டிக் கம்பைலரின் மூளைதான்.

இப்போ நம்ம நேயரோட கேள்வி. சிவப்புக் கோடு ஏன்?

முதல் காரணம், அந்த சர்வருக்குக் கோப்பு எப்படிக் கம்பைல் ஆகும்னு தெரியாது. எந்த ஹெடர் எங்கே, எந்த மேக்ரோ என்ன மதிப்பு, எதுவும் தெரியாது. இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லும் 'கம்பைல் கமாண்ட்ஸ்' என்ற ஜேசன் கோப்பு ஒன்று வேணும். எல்எல்விஎம் என்றால் சிமேக்கிடம் ஒரு ஆப்ஷன் கொடுத்தாலே அதை எழுதிக் கொடுத்துவிடும். ஜிசிசி கட்டப்படுவது மேக் வழியாக. அதனால் 'பேர்' என்ற கருவியை மேக்கோட பக்கத்துல உட்கார வைக்கணும். ஓடுகிற ஒவ்வொரு கட்டளையையும் கவனித்து அது எழுதிக்கொள்ளும்.

இரண்டாவது, ஜிசிசியின் சில கோப்புகள் சோர்ஸில் இருக்கவே இருக்காது. கட்டும்போதுதான் உருவாகும். அதனால் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது தனி ஃபோல்டரில் கட்டணும். வழக்கமா ஜிசிசி தன்னைத் தானே மூன்று முறை கட்டிச் சரிபார்க்கும். உங்களுக்கு அது வேண்டாம். பூட்ஸ்ட்ராப் வேண்டாம், சி மொழி மட்டும் போதும் என்று கான்ஃபிகரில் சொல்லிடுங்க. ஒரே நேரத்தில் ஒரே ஜாப். ராத்திரி விட்டுட்டுத் தூங்கப் போங்க.

மூன்றாவது வேடிக்கையானது. டெஸ்ட்ஸூட் ஃபோல்டரில் பல்லாயிரம் குட்டி நிரல்கள் இருக்கு. அதுல நிறைய, கம்பைலர் திட்டணும்னே வேணும்னு தப்பா எழுதினது. எடிட்டர் அதையும் படிச்சுட்டுச் சிவப்பு அடிக்குது. தேடலில் இருந்தும் கண்காணிப்பில் இருந்தும் அந்த ஃபோல்டரை விலக்கிடுங்க. லேப்டாப் நின்னதுக்குப் பாதிக் காரணம் அதுவா இருக்கலாம்.

அப்புறம் 'எம்டி' என்று முடியும் கோப்புகள். ஜிசிசியில் அது மெஷின் டிஸ்கிரிப்ஷன், அதாவது ஒரு பிராசசரின் கட்டளைகளை விவரிக்கும், லிஸ்ப் மாதிரி அடைப்புக்குறியா நிறைஞ்ச கோப்பு. விஎஸ் கோட் அதை மார்க்டவுன்னு நினைச்சுக்கிட்டு அலங்காரம் பண்ணும். லிஸ்ப்னு மாத்தி வைங்க. இன்னொண்ணு: ஜிசிசி 2012-லேயே சி++க்கு மாறிடுச்சு, ஆனா கோப்புகளோட பெயர் 2022 ஜனவரி வரைக்கும் சி-ன்னேதான் இருந்தது. பழைய வெளியீட்டை இறக்கியிருந்தா, எடிட்டர் அதைச் சி-ன்னு எடுத்துக்கும். அதுவும் சிவப்புதான்.

இதெல்லாம் பண்ணாலும் 4 ஜிபி லேப்டாப்ல கிளாங்டி மூச்சு வாங்கும். பாஸ்டெல்லுக்கு 64 கேபி போதாத மாதிரிதான் இதுவும். அந்த மெஷினுக்கு என் சிபாரிசு விம்மும் சிடேக்ஸும். பட்டியல் ஒரு முறை போட்டா கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். கண்ட்ரோலோட வலது சதுர அடைப்பை அழுத்தினா தாவும், கண்ட்ரோல் டி அழுத்தினா திரும்பும். மேக்ரோ வச்சு உருவாக்கின பெயர்கள்ல அது தடுமாறும், அங்க வெறும் தேடலே போதும். பழசுங்கிற பாசத்துல சொல்லல. பெரிய மெஷின் இருக்கிறவங்கதான் கம்பைலரைப் படிக்கணும்னு ஒரு நிலை வந்துடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

கடைசியா, தமிழ்ல நிரல் எழுதுறவங்களுக்கு மட்டுமே தெரியுற ஒரு சிக்கல். கம்பைலர் 'இந்த வரி, இத்தனையாவது இடம்' என்று தப்பைச் சொல்லும். 'நிரல்' என்ற சொல்லுக்கு எத்தனை இடம்? நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் ந, இகரக்குறி, ர, ல, புள்ளி என்று 5. யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 15. பல டெர்மினல்களின் கணக்கில் 4 கட்டம், ஏன்னா புள்ளிக்கு மட்டும் அகலம் கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகள்ல பெரும்பாலும் புள்ளியே இருக்காது, அவங்களுக்கு ஒரு கணக்கு மிச்சம்.

ஜிசிசி 2021-ல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன்னாடி வரை பைட் எண்ணிக்கையைத்தான் சொன்னது. லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் யூடிஎஃப்-16 என்று வைத்துக்கொண்டது. வேறு கணக்கும் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது 2022-ல் வந்த 3.17-ல்தான். இரண்டு பக்கமும் வேற வேற கணக்கு போட்டா, சிவப்புக் கோடு அடுத்த சொல்லுக்குக் கீழே போய் விழும். ஆங்கிலத்திலேயே எழுதுறவங்களுக்கு எல்லாக் கணக்கும் ஒண்ணு, அதனால பல வருஷம் யார் கண்ணுலயும் படல.

முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றி 2009-ல் கட்டுரை எழுதி வெளியிட்டார். அதன் இன்டர்பிரட்டர் பைத்தானில் எழுதப்பட்டது, சோர்ஸ் திறந்தே இருக்கு. அதில் நிபந்தனை முன்னாடி வரும், 'ஆனால்' பின்னாடி வரும். வளையத்திலும் நிபந்தனை முன்னாடி, 'வரை' பின்னாடி. நாம பேசுற வரிசை. ஃபங்ஷனுக்கு 'நிரல்பாகம்'. அவருக்கும் கடைசியில் தனி எடிட்டர் தேவைப்பட்டது. 'எழுதி' என்று பெயர் வைத்து அதையும் எழிலோடு சேர்த்தே உருவாக்கினார்கள், தமிழ் கீபோர்டு தெரியாதவங்களும் திரையிலேயே எழுத்தை அழுத்திச் சேர்க்கிற மாதிரி.

ஜிசிசி கட்டி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். எழிலோட சோர்ஸை இறக்கி விம்ல திறங்க. எழுத்துகளைச் சொற்களாப் பிரிக்கிற பகுதியில இருந்து ஆரம்பிங்க. 4 ஜிபி தாராளம்.